மச்சில் கிடந்த பழைய போர்த் துப்பாக்கி: நிலைமை எப்படி என்று பார்ப்பது எப்படி?

தக்கலைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். துப்பாக்கி விஷயத்தில் தீபாவளிப் பொட்டு வெடிக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலையில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் பாட்டா வீடு. ஓட்டு வீடு, இப்போது யாரும் குடியில்லை. இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓட்டை இறக்கிவிட்டுக் கைமரம் மாற்றலாம் என்று போன வாரம் ஆள் விட்டோம். மச்சில் பழைய பத்தாயத்தின் பலகைகளைக் கழற்றி அடுக்கியிருந்தார்கள், அதற்குப் பின்னால் சாக்கில் சுற்றிய நீளமான சாமான் ஒன்று. வேலைக்கு வந்தவர் உலக்கை என்று நினைத்து இழுத்தார், அவிழ்த்தால் தோக்கு.

மலைப்பக்கம் வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி மாதிரி இல்லை. நிறுத்தினால் என் தோளுக்கு வருகிறது, நல்ல கனம். குழல் மட்டும் 39 அங்குலம், டேப் வைத்து அளந்தேன். வாய் முக்கால் அங்குல அகலம், சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே சொரசொரப்பு. வெளியே முழுக்கக் கரும்பழுப்பு, நடுவில் ஓரிரு இடத்தில் செம்மண் மாதிரி துரு உதிர்கிறது. தோளில் வைக்கும் இடத்திலும் விசையைச் சுற்றியும் பித்தளை, பச்சை பிடித்திருக்கிறது. கட்டையில் கைப்பிடி பக்கம் ஒரு விரிசல், அதை யாரோ பித்தளைக் கம்பி சுற்றி முறுக்கி வைத்திருக்கிறார்கள். அடியில் குண்டூசி முனை அளவுக்குத் துளைகள். பக்கவாட்டில் சக்கிமுக்கிக் கல் பிடிக்கிற குதிரை இருக்கிறது, கல் இல்லை. அந்த இரும்புத் தகட்டில் இதயம் மாதிரி ஒரு முத்திரை, உள்ளே எழுத்துகள், ஒன்று மட்டும் நிச்சயமாக ஆங்கில ‘வி’. கீழே ஏதோ எண்கள் துருவுக்குள் இருக்கின்றன.

பெரியப்பா அடித்துச் சொல்கிறார், இது 1741 குளச்சல் போரில் டச்சுக்காரனிடம் பிடுங்கியது, ‘வி’ என்றால் வி.ஓ.சி., அதாவது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் கூட வந்த ஆள் யாராவது வைத்திருந்ததாக இருக்கும் என்று. குடும்பத்தில் இப்போது எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எனக்குத் தெரிய வேண்டியது, இது நல்ல நிலைமையில் இருக்கிறதா, எப்படிச் சுத்தம் செய்வது, வீட்டில் வைத்தால் பிரச்சினை வருமா. ஞாயிற்றுக்கிழமை எமரித்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து ஹாலில் மாட்டலாம் என்பது திட்டம். மஸ்கட்டில் இருக்கும் அத்தான் வேறு, தனக்குக் கொடுத்தால் கொண்டுபோய்விடுவேன் என்கிறார்.

தேங்காய்ப்பட்டணத்தான் எழுதியது:

மக்கா, இதற்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா. குழலுக்குள் நல்ல தேங்காண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊற வை, துரு தானாக இளகும். மேலே உப்புத்தாள், பித்தளைக்குப் புளி, எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு அப்படித்தான் பொன் மாதிரி மின்னும். குதிரையை இழுத்து இழுத்து விட்டால் இறுக்கமும் போய்விடும். மாட்டினதும் போட்டோ போடு.

இரும்புப்பெட்டி எழுதியது:

தம்பி, மேலே சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்யாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வரை அதைத் தொடவே வேண்டாம். அழகு கெடும் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், அது கெட்டித்த துப்பாக்கியா, அதாவது உள்ளே மருந்தும் குண்டும் இடித்து வைத்ததா இல்லையா என்று நீங்கள் பார்க்கவில்லை. குழல் வாயில் விரலை விட்டேன் என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வாய்வழியாக மருந்து போடுகிற துப்பாக்கியில் இது சாதாரணமாக நடக்கிறது. போட்டதைச் சுட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் திருகு விட்டுக் கஷ்டப்பட்டு இழுக்க வேண்டும். அதனால் மனிதர்கள் கெட்டித்தது கெட்டித்தபடியே மூலையில் சாத்திவிடுவார்கள், அவர்களும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். கருமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை, காய்ந்த இடத்தில் இருந்தால் நூறு வருஷம் ஆனாலும் கெடாது. எங்கள் மாமா கோயிலில் கதினா வெடி போடுகிறவர். ஒரு தடவை மழையில் நனைந்து கட்டியாகிப்போன மருந்தை இனி ஆகாது என்று தூக்கித் தொழுவத்தில் போட்டுவிட்டார், பல வருஷம் கழித்துக் குப்பை கொளுத்தும்போது அது பற்றிக்கொண்டு அவருடைய புருவம் போனது. அவர் இன்றைக்கும் சொல்வார், மருந்து செத்துவிட்டது என்று நம்பாதே என்று.

பார்ப்பது சுலபம். குழல் வாய் யாரையும் பார்க்காமல், வீட்டுச் சுவரையும் பார்க்காமல், வெளியே விளைப்பக்கம், தோட்டத்தைப் பார்த்துத் திருப்பிப் படுக்க வையுங்கள். குதிரையைத் தொட வேண்டாம். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது. நீங்கள் வாய்க்கு நேரே நிற்காமல் ஓரமாக நின்றுகொண்டு ஒரு நேரான மூங்கில் குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். முட்டின இடத்தில் குச்சியில் வாயோரமாக அடையாளம் போட்டு வெளியே எடுத்து, அதே நீளத்தைக் குழலின் மேலே வைத்துப் பாருங்கள். குழலின் பின்பக்கம், குதிரை பொருத்தியிருக்கிற பூட்டுத் தகட்டுக்கு மேலே ஒரு சின்ன ஓட்டை இருக்கும், நெருப்பு உள்ளே போகிற வழி, பற்றுவாய் என்பது. குச்சி அந்த ஓட்டை வரைக்கும் எட்டினால் காலி. அதற்கு ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நம் ஊரில் அது குளவிக் கூடாகவும் இருக்கலாம், மண் குளவிக்குக் குழல் மாதிரி வசதியான வீடு வேறு கிடையாது. ஆனால் குளவி என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள் இல்லை. குத்தாதீர்கள், சூடு காட்டாதீர்கள், டிரில் போடாதீர்கள்.

காலி என்று தெரிந்த பிறகுதான் மற்றது எல்லாம். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், திரும்ப எழுதச் சோம்பல்.

இரும்பில் நீங்கள் சொன்ன கரும்பழுப்பு நல்லது, அதுதான் அதன் தோல். உதிராமல், விரலில் ஒட்டாமல், சமமாக இருந்தால் அப்படியே விட வேண்டும். செம்மண் மாதிரி உதிர்வதுதான் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிற துரு, அங்கே மட்டும் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால், பிடிவாதமாக இருந்தால் மூங்கில் சீவலால் எடுங்கள். எமரித்தாள் போட்டால் முத்திரை, எண், தயாரித்தவன் பெயர் எல்லாம் அரைமணி நேரத்தில் போய்விடும், அதற்கப்புறம் அது வெறும் குழாய். இந்த மாதிரிச் சாமானை மதிப்புப் போடுகிறவர்கள் முதலில் தேடுவதே கூர்மையான விளிம்பும் ஆழமான எழுத்தும்தான், பளபளப்பை அல்ல. பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுவார்கள்.

தேங்காய்ப்பட்டணத்து அண்ணாச்சிக்கு மன்னிப்போடு, தேங்காண்ணெய் நாளானால் பிசுக்காகிக் கட்டி பிடிக்கும், பூட்டுக்குள் போனால் பிசின் மாதிரி ஒட்டும். பித்தளைக்குப் புளியும் வேண்டாம். குத்துவிளக்கைக் கழற்றிக் கழுவித் துடைக்கலாம், இது மரத்தோடு ஒட்டியிருக்கிற பித்தளை, புளித்தண்ணீர் இடுக்கில் இறங்கி உள்ளிருந்து மரத்தையும் திருகாணியையும் தின்னும்.

அப்புறம் குழல் வெட்டப்பட்டதா என்று பாருங்கள். பட்டாளத் துப்பாக்கிகளை வேட்டைக்கு வசதியாகப் பலர் குட்டையாக்கியிருக்கிறார்கள். குழல் வாய்க்குக் கொஞ்சம் பின்னால் மேலே சதுரமாக ஒரு சின்ன இரும்பு முளை இருந்தால் வெட்டவில்லை என்று அர்த்தம், பயனெட் என்கிற துப்பாக்கி முனைக் கத்தி மாட்டுவதற்கானது அது, குறி பார்க்கவும் அதுதான். மரமும் குழல் வாய் வரைக்கும் வராமல் முன்னாலேயே நின்றிருக்க வேண்டும், பயனெட்டின் வளையம் நுழைய இடம் விட்டிருப்பார்கள். பற்றுவாயின் ஓட்டையையும் பாருங்கள், நிறையச் சுட்ட துப்பாக்கியில் அது அரித்துப் பெரிதாகிக் கோணலாக இருக்கும். திருகாணித் தலைகளில் பிளவு சிதைந்திருந்தால் யாரோ பொருத்தமில்லாத திருப்புளி போட்டுக் கழற்றியிருக்கிறார்கள், உள்ளே பாகம் மாறியிருக்க வாய்ப்புண்டு.

குதிரையைச் சும்மா இழுத்து விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கிற வில் பழைய எஃகு, ஒரே ஒரு இழுப்பில் முறியும். காலி என்று உறுதியானதும் கட்டை விரலால் பிடித்துக்கொண்டே மெதுவாகப் பின்னால் கொண்டுபோனால் பாதியில் ஒரு இடத்தில் நிற்க வேண்டும், அங்கே நிற்கும்போது விசையை லேசாகத் தொட்டால் விழக்கூடாது. இன்னும் பின்னால் போனால் இரண்டாவது நிலை. பிடித்தபடியே திரும்ப இறக்கிவிடுங்கள். பாதி நிலையில் நிற்கவில்லை என்றால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது.

முத்திரையைப் படம் எடுத்துப் போடுங்கள். குளச்சல் கதையைப் பற்றி அப்புறம் பேசலாம், எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.

ஆசாரிமகன் எழுதியது:

மரத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், இரும்பு எனக்குத் தெரியாது. கைப்பிடி பக்கம் விரிசல் என்றால் ஆச்சரியமே இல்லை, கட்டை அங்கேதான் மெலிந்து வளைகிறது, மர இழை அங்கே குறுக்காக ஓடினால் கீழே விழுந்ததும் ஒடியும். பித்தளைக் கம்பியைக் கழற்றாதே. அந்தக் காலத்து ரிப்பேர், அது இல்லாவிட்டால் இரண்டு துண்டாகக் கையில் வந்தாலும் வரும். பெவிகால் ஊற்றும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடு.

துளை வண்டு அரித்தது. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் வை. வெளுத்த மாவு புதிதாக விழுந்தால் இருக்கிறது. துளைக்குள் பழைய அழுக்கு அடைந்திருந்தால் எப்போதோ போய்விட்டது.

இன்னொன்று, வெள்ளைக்காரன் துப்பாக்கிக் கட்டை வால்நட் மரம். உடைந்தால் நம் ஊரில் ஈட்டி மரத்திலோ அயனி மரத்திலோ புதிதாகச் செதுக்கிப் போட்டிருக்கிறார்கள். அயனி என்றால் மஞ்சள் கலந்த பழுப்பு, பத்தாயப் பலகையே பக்கத்தில் கிடக்கிறதே, ஒத்துப் பார். கட்டை மாற்றியது என்றால் வெளிநாட்டு மதிப்பில் குறையும்தான், எனக்கு என்னவோ அந்த மாதிரி வேலையைப் பார்க்கத்தான் பிடிக்கும். வார்னிஷ் அடிக்காதே.

கோர்ட்டுப்பக்கம் எழுதியது:

சட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். ‘நூறு வருஷப் பழசு, லைசென்ஸ் வேண்டாம்’ என்று ஊரில் சொல்வார்கள், பாதிதான் சரி. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழங்கால மதிப்புள்ள, வழக்கொழிந்த, பழுதான ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது, ஆனால் ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது துப்பாக்கியாகப் பயன்படாது என்ற நிலையில் இருந்தால் மட்டும். உங்களுடையதில் குழலும் பூட்டும் முழுசாக இருக்கின்றன. அது எந்தப் பக்கம் விழும் என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. வீட்டில் கண்டெடுத்தோம் என்று எழுத்தில் எழுதி, போட்டோவோடு காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், அங்கிருந்து கலெக்டர் அலுவலகம் வரைக்கும் அது போகும். 21-வது பிரிவில் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்து வைக்க வழி இருக்கிறது. தானாகப் போய்ச் சொன்னவனுக்கும், பக்கத்து வீட்டுக்காரன் சொல்லி மாட்டினவனுக்கும் நடக்கிற மரியாதையே வேறு, இது நான் தினமும் பார்ப்பது.

மஸ்கட் அத்தானிடம் கண்டிப்பாக இல்லை என்று சொல்லிவிடுங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இந்த மாதிரிப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. போதாததற்கு, விமான நிலையத்தில் பெட்டிக்குள் துப்பாக்கி என்று நினைத்துப் பாருங்கள்.

தக்கலைக்காரன் எழுதியது:

அண்ணே, கை நடுங்கிக்கொண்டே தட்டச்சு செய்கிறேன். சொன்ன மாதிரியே மூங்கில் குச்சி விட்டோம். பற்றுவாய்க்கு மூன்று அங்குலத்துக்கு மேல் முன்னாலேயே நின்றுவிட்டது. குச்சி நுனியில் மண் மாதிரி ஒட்டியது. குளவியாகவே இருக்கட்டும் என்று குமாரகோயில் முருகனை வேண்டிக்கொண்டு, யாரும் தொடாமல் அறையைப் பூட்டி, நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். முதலில் கொஞ்சம் விழித்தார்கள், அப்புறம் நன்றாகவே நடந்துகொண்டார்கள், ஆள் வந்து எடுத்துப் போனார்கள், ரசீது கொடுத்தார்கள். துப்பாக்கி வேலை தெரிந்த லைசென்ஸ் உள்ள ஒருவரை வரவழைத்துப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள்.

எடுத்துப் போகும் முன் போட்டோ எடுத்தேன். பயனெட் முளை இருக்கிறது, மரமும் வாய்க்கு முன்னால் நிற்கிறது. தகட்டைத் துணியால் மட்டும் துடைத்தபோது இதயத்துக்கு மேலே 4 என்ற எண் மாதிரி ஒரு கோடு, இதயத்தை நாலாகப் பிரித்து நாலு எழுத்து, ‘வி, இ, ஐ, சி’. கீழே 180, கடைசி எண்ணைத் துரு தின்றுவிட்டது. 180 என்றால் குளச்சல் எப்படி வரும்?

இரும்புப்பெட்டி எழுதியது:

வராது தம்பி. நல்ல காரியம் செய்தீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டச்சுக் கம்பெனியின் முத்திரையில் இதயம் கிடையாது. பெரிய ‘வி’, அதன் இரண்டு கைகளிலும் ‘ஓ’வும் ‘சி’யும் கோத்திருக்கும். உங்களுடையது இங்கிலீஷ்காரனின் கிழக்கிந்தியக் கம்பெனி. ‘யுனைடெட்’டின் முதல் எழுத்தை அந்தக் காலத்தில் ‘வி’ போலத்தான் வெட்டுவார்கள், அதனால்தான் உங்கள் பெரியப்பா மட்டுமல்ல, நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். 1808 வாக்கில் இதயத்தை விட்டுவிட்டுக் கிரீடம் ஏந்திய சிங்கத்தைப் போட ஆரம்பித்தார்கள், ஆக 180-க்குப் பிறகு எட்டுக்குள் என்ன எண் இருந்தாலும் இதய முத்திரையோடு ஒத்துப்போகிறது.

39 அங்குலக் குழலும் முக்கால் அங்குல வாயும் சொல்வது அதேதான். பிரிட்டிஷ் பட்டாளம் அதற்கு முன்னால் வைத்திருந்த பிரவுன் பெஸ்ஸில் குழல் 46, பிறகு 42 அங்குலம். கம்பெனி தன் சிப்பாய்களுக்குக் குட்டையாக, செலவு குறைத்துச் செய்துகொண்டது இந்த 39. பிரான்சோடு சண்டை முற்றித் துப்பாக்கி போதாமல் போனபோது பிரிட்டிஷ் அரசாங்கம் கம்பெனியின் சரக்கையே வாங்கிக்கொண்டு, 1797-இல் இதையே தன் பட்டாளத்துக்கும் ஏற்றுக்கொண்டது. இந்தியா பேட்டர்ன் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்தக் குதிரையின் கழுத்து அன்னப்பறவை மாதிரி வளைந்து மெலிந்திருக்கிறதா, நடுவில் ஓட்டையோடு தடித்திருக்கிறதா என்று படத்தில் பாருங்கள், மெலிந்தது பழையது, தடித்தது 1809-க்குப் பிறகு வந்தது. நீங்கள் போட்ட படத்தில் எனக்கு மெலிந்ததாகத் தெரிகிறது.

பெரியப்பாவுக்கு வருத்தம் வேண்டாம். 1809 பிப்ரவரி 10-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையைக் கம்பெனிப் படை பிடித்தது, திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பிக்கு எதிராக வந்த படை. தளவாயின் ஊர் தலக்குளம் உங்களுக்கு எவ்வளவு தூரம்? அந்தப் படையின் கையில் இருந்தது இந்த ரகம்தான். இந்தத் துப்பாக்கியே அங்கே இருந்தது என்று சொல்ல முத்திரை மட்டும் போதாது, படை கழித்துப்போட்ட பழைய சரக்காகப் பின்னால் எப்போதோ கை மாறியும் வந்திருக்கலாம். டி லனாயின் கல்லறை பார்க்க வேண்டுமானால் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, பெரியப்பாவை ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள்.

தக்கலைக்காரன் எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, நன்றி சொல்லாமல் இருந்தால் சரியில்லை.

பின்பக்கத்தில் இருந்தும் முன்பக்கத்தில் இருந்தும் தண்ணீர் விட்டு இரண்டு நாள் ஊற வைத்து, அப்புறம் கம்பில் திருகு மாட்டி அந்த நிபுணர் இழுத்தாராம். முதலில் குளவி மண் வந்திருக்கிறது, நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பின்னால் உருட்டிய கதம்பைத் தும்பு, தேங்காய்நார்தான், ஒரு அடைப்பு. அதற்குப் பின்னால் ஈயம், ஆனால் முழுக் குண்டு இல்லை, வெட்டிப் போட்ட துண்டுகள், ஒன்பதோ பத்தோ. பிறகு இன்னொரு தும்பு, கடைசியில் ஒரு கைப்பிடிக்கும் குறைவாகக் கறுத்த கூழ். கொஞ்சம் எடுத்துக் காயவைத்துத் தீக்குச்சி காட்டியபோது பற்றியது என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்கு வேர்த்தது, விரலை விட்டேனே.

ஆச்சியிடம் போய்க் கேட்டேன். பாட்டாவின் அப்பா மரச்சீனி விளையில் பன்றி இறங்கும் என்று ராத்திரி காவல் இருப்பாராம், அதற்கென்று ‘கம்பெனித் தோக்கு’ ஒன்று வைத்திருந்ததாகச் சின்ன வயதில் கேட்ட ஞாபகமாம். பெயரிலேயே கம்பெனி இருந்திருக்கிறது, நாங்கள்தான் டச்சுக்காரனைத் தேடியிருக்கிறோம். கடைசியாகக் கெட்டித்த ராத்திரி பன்றி வரவில்லை போலிருக்கிறது.

மனு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கிறது, துப்பாக்கி இன்னும் அவர்கள் காவலில். குழல் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்ததில் பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் குழி குழியாக அரித்திருக்கிறதாம், மருந்தும் ஈரமும் இருந்த இடம். வாய்ப்பக்கம் பரவாயில்லை. பாதி நிலையில் குதிரை நிற்கிறது. காகிதத்தில் மாவு விழவில்லை. கட்டை பத்தாயப் பலகையோடு ஒத்துப்போகவில்லை, கறுப்பாக, கனமாக இருக்கிறது.

ஆசாரிமகன் எழுதியது:

கறுப்பு, கனம் என்றால் ஈட்டியாக இருக்கும், இல்லையென்றால் எண்ணெய் குடித்துக் கறுத்த வால்நட். அடுத்த தடவை பார்க்க விடும்போது தோளில் வைக்கும் பித்தளைத் தகட்டின் ஓரத்தில் மரம் தகட்டோடு சரியாக உட்காருகிறதா, கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். கம்பியைக் கழற்ற யாரையும் விடாதே.